மாணவர்களுக்குத் தாழ்மையைப் பழக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் படிவம் நான்கு, ஐந்து (16, 17 வயது) பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். இப்போது யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியபோது யூதாசும் அங்கேதான் இருந்தான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் அவனை அவர் ஒதுக்கவில்லை. சீடர் பேதுரு தன் பாதங்களைக் கழுவ வேண்டாம் என்று மறுத்ததைவிட இதுதான் பிள்ளைகளை உலுக்கியது. "நம்மைக் கேலி செய்றவனுக்கும் செய்யணுமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன். "சரி, எப்படி?" என்றான்.

அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். பாடமாகச் சொன்னால் மனதில் ஒட்டாது, கையால் செய்து பழக வேண்டும் என்பது என் எண்ணம். போன வாரம் செபக்கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு மாணவி வாசலுக்குப் போய், பாட்டிமார்கள் காலை நுழைக்கத் தோதாக அவர்களுடைய செருப்புகளைத் திருப்பி வைத்தாள். யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி வேலைகள்தான் வேண்டும். படம் எடுத்துப் போடுகிற சேவை வேண்டாம்.

ஜூலை 26, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் குப்பை அள்ள, கழிவறை கழுவ இவர்களைச் சேர்த்துவிட யாரைப் பார்க்க வேண்டும்? அப்புறம், முதியோர் இல்லங்களில் உதவுகிறவர்கள் இருந்தால், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை தரலாம் என்றும் சொல்லுங்கள்.