மாமியாரின் தேக்கு நாற்காலிகளா, மூலை சோபாவா?

சிகாம்புட் மருமகள்:
தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குள் வெடி வெடிக்கத் தொடங்கிவிட்டது. கோலாலம்பூர் சிகாம்புட்டில் 20 அடிக்கு 65 அடி வரிசை வீடு, மாடி இல்லை. மாமனார் வாங்கியது, அவர் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஹால் 11 அடி அகலம், 19 அடி நீளம், சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலிகள் நான்கு, ஒரு நீள இருக்கை, யாரும் சாப்பிடாத பீங்கான் தட்டுகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. எல்லாம் சுவரோரமாக ஒதுங்கி நிற்கின்றன. நடுவில் வெட்டவெளி. பேருந்து நிலையத்தில் காத்திருப்பதைப் போல எதிரெதிரே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறோம்.

காண்ட்ராக்டர் ஒருவர் சுவரோடு பதித்த டிவி அலமாரி, மூலை சோபா, விளக்கு மறைத்த கூரை எல்லாம் சேர்த்து 18,000 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார். மாமியார் "ஹால் காலியாக இருக்கட்டும்" என்கிறார். ஏன் என்றால் பதில் இல்லை. கணவரோ நாளிதழுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

வரைபலகை:
சகோதரி, பத்து ஆண்டுகளாக வீட்டு உள் அலங்காரத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் ஹாலின் குறை இடமின்மை அன்று. இருக்கும் இடம் வீணாவதுதான். எல்லாப் பொருள்களையும் சுவரில் ஒட்டி வைத்தால் அறை பெரிதாகிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. அப்படி வைத்தால் பேசுவோருக்கு இடையே பத்தடி இடைவெளி விழுகிறது, அவ்வளவுதான். குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். (நாம் சத்தமாகப் பேசும் கூட்டம் என்ற பெயர் இதனால்தான் வந்ததோ என்னவோ.)

கணக்குப் பாருங்கள். 11 அடியில் சோபாவுக்கு 3 அடி, டிவி அலமாரிக்கு ஒன்றரை அடி. மீதி ஆறரை அடி. 55 அங்குலத் திரையை ஏறத்தாழ ஏழடி தூரத்திலிருந்து பார்ப்பது கண்ணுக்கு இதம். சாய்ந்து உட்கார்ந்தால் அது கிடைத்துவிடும். கூரைவரை அலமாரி போட்டால் குழந்தைகளின் புத்தகம், விளையாட்டுச் சாமான், பண்டிகைப் பாத்திரம் எல்லாம் கதவுக்குப் பின்னால் மறையும். தேக்கு நாற்காலியை யாராவது உறவினருக்குக் கொடுங்கள். நினைவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம், ஹாலில் வைக்க வேண்டியதில்லை.

பிறைத் தச்சர்:
"உறவினருக்குக் கொடுங்கள்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்! வைரம் பாய்ந்த தேக்கு அம்மா அது. கறையான் வாய் வைக்கத் தயங்கும். இன்று அந்தக் கனத்தில் ஒரு நாற்காலி செய்து கேட்டால் நானே விலை சொல்ல வெட்கப்படுவேன்.

இப்போது பதிக்கும் அலமாரி என்பது பெரும்பாலும் சிப்போர்டு, மரத்துகளைப் பசையோடு அழுத்திய பலகை. மேலே மரம்போல் தெரியும் தாள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கிறது. அந்தப் பலகையின் விளிம்பில் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் ஊறிய ரொட்டிதான், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. சென்ற ஆண்டு பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டில் பதித்த அலமாரியைக் கழற்றச் சொன்னார்கள். முன்பக்கம் புத்தம் புதிதாக மினுங்கியது. பின்பலகையைக் கையால் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. தரை வெடிப்பு வழியாகக் கறையான் ஏறி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கிறது. நான்கு கால் உள்ள அலமாரி என்றால் பெருக்கும்போதே மண்கோடு கண்ணில் பட்டிருக்கும். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக் கறையான் நம் வீட்டுக் கறையான் என்றெல்லாம் பேதம் இல்லை.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் பதப்படுத்திய ரப்பர் மரத்தில் வாங்குங்கள். பால் வற்றிய மரத்தை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். முன்பெல்லாம் அடுப்புக்குத்தான் போகும். இன்று அது மூவார்ப் பட்டறைகளுக்குப் போய் மேசையாகிக் கப்பலேறுகிறது. என் அம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் செய்த சாப்பாட்டு மேசையைத் தடவிப் பார்த்து, "இதுகூட என்னை விடவில்லையா" என்றார்.

ஈசானிய மூலை:
அன்பர்கள் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். கனமான பொருள் தென்மேற்கில், பூசை வடகிழக்கில். கண்ணாடி அலமாரி இப்போது எந்தத் திசையில் இருக்கிறது என்று சகோதரி முதலில் சொல்லட்டும். மாமியாருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உள்ளுணர்வு சொல்லியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஐயா, வரிசை வீடுகளைக் கட்டும் நிறுவனம் ஒரே வரைபடத்தைத் தெருவின் இரு பக்கமும் திருப்பிப் போடுகிறது. உங்களுக்கு ஈசானியத்தில் வரும் அறை எதிர்வீட்டுக்காரருக்குத் தென்மேற்கில் வரும். பாதித் தெருவுக்கு ஈசானியத்தில் கழிப்பறை அமைந்திருக்கும். அவர்கள் எல்லாம் கெட்டா போனார்கள்?

திசை பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வானத்தை வைத்துப் பாருங்கள் என்கிறேன். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது, கோலாலம்பூர் 3 பாகைதான். இங்கே மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆண்டு முழுவதும் தப்பாமல் அடி வாங்குவது கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும்தான். அதிலும் 1982-இல் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளிவிட்டோம். இப்போது சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு. ஆகவே மேற்கு வெயில் ஏழு மணிவரை விடாது. எந்த அறை மேற்கே பார்க்கிறது என்று தெரியாமல் சோபா வாங்குவது வீண்.

ஈசானிய மூலை:
சாத்திரத்துக்கும் கடிகாரத்துக்கும் முடிச்சுப் போடும் ஒருவரிடம் நான் என்ன பேசுவது. விலகிக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடி:
விலகாதீர்கள் ஐயா, நீங்கள் போனால் சுவை போய்விடும்.

எங்களுக்கு 650 சதுர அடி அடுக்குமாடி வீடு. ஐந்து பேர். திசை பார்க்கவெல்லாம் இடமில்லை. கதவு திறக்கும் பக்கம்தான் கிழக்கு. செயற்கைத் தோல் சோபா ஒன்று வாங்கினோம். நான்காம் ஆண்டு, உட்கார்ந்து எழுந்தவர்கள் முதுகிலெல்லாம் கறுப்புச் செதில். கடைக்காரரைக் கேட்டால், பாலியூரித்தேன் பூச்சு ஈரக் காற்றில் தானாகச் சிதையும், குற்றம் யார்மேலும் இல்லை என்றார். வாங்கும்போது சொல்லவில்லை. அதைத் தூக்கிப் போட்ட அன்றுதான் எங்கள் வீட்டுக்கு ஹால் இருப்பது தெரிந்தது. இப்போது பாயும் நான்கு திண்டும். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் சாப்பாட்டறை, இரவில் பையன்களின் படுக்கையறை.

வரைபலகை:
பாயில் உட்கார்ந்து எழ முடியாத முழங்கால் வரும்போது மறுபடி எழுதுங்கள்.

தச்சரே, நல்ல பிளைவுட்டைத் தரையிலிருந்து நான்கு அங்குலம் தூக்கிப் பொருத்தி, கறையான் மருந்தும் அடித்தால் நீங்கள் சொன்னது நடக்காது. மட்டமான வேலையைக் காட்டித் தொழிலையே குறை சொல்லாதீர்கள். பழைய கண்ணாடி அலமாரியைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சகோதரி வீட்டில் சிறு குழந்தை இருக்கிறதா? இழுப்பறையைப் படிபோல் இழுத்து ஏறினால், சுவரில் பிணைக்காத அலமாரி அப்படியே முன்னால் சாயும். கண்ணாடியும் பீங்கானும் சேர்ந்து.

பிறைத் தச்சர்:
அது நியாயம். மருமகளே, மற்றதை அப்புறம் முடிவு செய்யலாம். நாளைக்கே இரண்டு இரும்புக் கோணத்தை வாங்கி, அலமாரியின் மேல் விளிம்பைச் சுவரோடு திருகாணியால் இறுக்கிவிடுங்கள். பத்து வெள்ளி வேலை.

செந்தூல் அம்மா:
நான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்தத் தாய் ஏன் வாய் திறக்கவில்லை என்பது உங்கள் யாருக்குமே தோன்றவில்லையா?

என் கணவரை ஹாலில்தான் கிடத்தினோம். நாற்காலிகளைப் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் தூக்கி வாசலில் வைத்தார்கள். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், தேவாரம் பாடினார்கள். வாசலில் கூடாரம் போட்டு, எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் நாற்காலி கொடுத்து உதவியது. பதினாறாம் நாள் காரியமும் அங்கேதான். சென்ற ஆண்டு என் தங்கை வீட்டில் அப்படி ஆனபோது, ஆறு பேர் சேர்ந்தும் மூலை சோபா வாசல் வழியாக வெளியே போகவில்லை. காலைக் கழற்றி, பிறகு அறுத்தார்கள். துக்க வீட்டில் ரம்பச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அந்த அம்மாவுக்கு அந்த ஹால் வெறும் ஹால் அன்று.

ஈசானிய மூலை:
தீபாவளி நேரத்தில் இந்தப் பேச்சு தேவையா அம்மா?

வரைபலகை:
அம்மா, உங்கள் துயரத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இருபது ஆண்டுகளில் ஒரு நாள் வரக்கூடிய ஒன்றுக்காக மற்ற எல்லா நாளும் பிள்ளைகள் வெறுந்தரையில் இருப்பதா? இப்போது பலர் இறுதிச் சடங்கு மண்டபத்திலேயே முடித்துவிடுகிறார்கள். வீடு வாழ்வதற்கு.

செந்தூல் அம்மா:
சாவுக்கு மட்டும் என்று யார் சொன்னது தம்பி? பிள்ளைக்குப் பெயர் வைக்க, பெண்ணுக்குச் சடங்கு சுற்ற, நிச்சயத் தாம்பூலம் மாற்ற, தீபாவளிக்கு வீட்டைத் திறந்துவைத்தால் வரிசையாக வரும் நாற்பது பேருக்கு இலை போட என்று எல்லாம் அந்த 11 அடியில்தான் நடந்திருக்கும். வாசலை அளக்காமல் சோபா விற்பவர்கள் வாழ்வைப் பற்றிப் பேசக் கூடாது.

சிகாம்புட் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. செந்தூல் அம்மா எழுதியதைப் படித்து இரவெல்லாம் தூக்கமில்லை. மாமனாரை நினைத்துத்தான் மறுக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, நேற்று அடுக்களையில் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "மாமாவை நினைத்துத்தானே அத்தை ஹாலைத் தொட வேண்டாம் என்கிறீர்கள்?" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவருக்கு அந்த நாற்காலியே பிடிக்காது. உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்பார். என் அறையில் நாலு மணிக்கு மேல் இருக்க முடிகிறதா? சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? ஹாலில் ஃபேனுக்கு நேர்கீழே, தரையில் ஒரு துண்டை விரித்துப் படுத்தால்தான் கண் அயர்கிறது. அந்த இடத்தில் நீ சோபாவைப் போடப்போகிறாய்" என்றார்.

மாலையில் போய்ச் சுவரைத் தொட்டேன். வாத்தியார் ஐயா, மேற்குச் சுவர்தான். இரவு எட்டரைக்கும் வெதுவெதுப்பு. அத்தை சொன்ன நாலு மணி, நாங்கள் இருவரும் வேலையில் இருக்கும் நேரம். இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாமே என்றால், "கேட்டால்தானே" என்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
செங்கல் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்துவிட்டு இரவில் கக்கும். உள்ளே திரை போட்டுப் பயன் குறைவு. வெயில் சுவரில் படுவதற்கு முன்பே வெளியில் தடுக்க வேண்டும். மூங்கில் தட்டியோ சார்ப்புக் கூரையோ போடுங்கள்.

வரைபலகை:
அந்த 18,000 வெள்ளியில் முதலில் அத்தையின் அறையைச் சரிசெய்யுங்கள் என்பதை நானும் ஏற்கிறேன். வெளியே சார்ப்பு, உள்ளே அந்தச் சுவரோடு துணி அலமாரி, கட்டில் எதிர்ப்பக்கம். அறை குளிர்ந்துவிட்டால் ஹாலில் சோபா போட அவருக்கும் ஆட்சேபம் இருக்காது. என் வரைபடம் அப்படியே நிற்கிறது.

பிறைத் தச்சர்:
அந்தத் துணி அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், கால் வைத்து. சூட்டுக்கும் நல்லது, கறையானுக்கும் நல்லது. நாற்காலி யாருக்கும் வேண்டாம் என்றால் எனக்கு முதலில் சொல்லுங்கள். ஜார்ஜ் டவுன் பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரி நாற்காலிக்கு வரும் மவுசு வரைபலகைக்குத் தெரியாது.

சிகாம்புட் மருமகள்:
நாற்காலி இல்லை, தச்சரே. விற்கலாமா என்று கேட்டதும் கணவர் முதன்முறையாக நாளிதழை இறக்கி, "அது அப்பாவுடையது" என்றார்.