புதுப்பிப்பு: கிரைண்டர் கையேட்டுக்கு எந்தப் பேப்பர்?

வெட் கிரைண்டரோடு தரும் 24 பக்கக் கையேட்டுக்கு 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதா அச்சுத்தாள், போதுமா, பளபளப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்று முடிவாகிவிட்டது.

60-இல் பின்பக்கத்து வயரிங் படம் இந்தப் பக்கம் நிழலாடியது. எர்த் எது, நியூட்ரல் எது என்று குழம்பவே கூடாத இடம் அது! ஆர்ட் பேப்பரில் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் டியூப்லைட்டில் கண் கூசும், வாரன்டி பக்கத்தில் கடை முத்திரை இழுகிவிடும். அட்டைக்கு மட்டும் 170 ஆர்ட், மேட் லேமினேஷன். மாவுக் கை பட்டாலும் துடைத்துவிடலாம்.

பேப்பரில் இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. இழை கையேட்டின் முதுகுக்கு (பக்கங்கள் சேரும் ஓரத்துக்கு) இணையாக ஓடிய டம்மி, அதாவது மாதிரிப் பிரதி, மேசையில் விரித்தபடி கிடக்கிறது. குறுக்காக ஓடியது விறைத்துக்கொண்டு மூடிக்கொள்கிறது. ஆர்டரில் இதை எழுதியே கொடுங்கள். சொல்லாவிட்டால் அச்சகத்தில் இழையைப் பார்க்காமல், ஷீட் வீணாகாதபடிதான் வெட்டுவார்கள்.