அம்மாவின் மறதி: வயதா, வியாதியா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கண்ணாடியைத் தேடுவதெல்லாம் பழைய கதை, ஆனால் போன வாரம் ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் நான்கு தடவை கேட்டார், நான் பதில் சொன்னதே அவருக்கு நினைவில்லை. அல்சைமர் என்கிற மறதி நோயாக இருக்குமோ?

பதில் 1: நினைவூட்டியதும் "அட, ஆமாம்" என்று பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் வயதுதான். நினைவூட்டியும் அப்படியொன்று நடக்கவே இல்லை என்று சாதித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, ஏன், சில தூக்க மாத்திரைகள்கூட இப்படிப் படுத்தும், இவையெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

பதில் 2: காதையும் பாருங்கள். அப்பாவுக்கு மறதி என்று ஒரு வருஷம் கவலைப்பட்டோம், கடைசியில் பார்த்தால் பாதிப் பேச்சு அவர் காதிலேயே விழவில்லை! காது மெஷின் வைத்ததும் பழைய ஆள் ஆகிவிட்டார். கேட்காத காதை அப்படியே விட்டால் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கிப்போவது, அல்சைமரும் அதில் ஒரு வகை) ஆபத்தும் கூடும், ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரியே.

பதில் 3: அல்சைமர் மெல்லத்தான் வரும். திடீரென்று வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்: சரி, முதலில் ரத்தப் பரிசோதனை. டிவி சத்தத்தை அம்மா ஏற்றிக்கொண்டே போவது இப்போதுதான் உறைக்கிறது.