81-ஆவது நிமிடத்தில்தான் சுறா வருகிறதா?

ரீல்ராஜா:
ஹாரர்ல ஒரே சூத்திரம்தான்: காட்டாதே. ‘ஜாஸ்’ (1975) படத்துல 81-ஆவது நிமிஷம் வரைக்கும் சுறாவைக் காட்டவே இல்ல. மொத்தப் படமே 124 நிமிஷம். மூணுல ரெண்டு பங்கு ஓடின பிறகுதான் ஆள் வெளிய வர்றாரு. இப்ப எடுக்கறவங்க பத்தாவது நிமிஷத்துலயே பேய்க்கு க்ளோஸ்-அப் வெச்சுட்டு, ஜனம் ஏன் போனை நோண்டுதுன்னு கேக்கறாங்க.

கத்தரிக்கோல்:
தவறு. ஒரு மணி நேரம் தாண்டியதுமே கழிமுகக் காட்சியில் சுறா வந்துவிடுகிறது. சின்னப் படகு கவிழ்கிறது, தண்ணீருக்கடியில் தலையும் வாயும் தெரிகின்றன, அறுந்த கால் ஒன்று மூழ்குகிறது. படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

ரீல்ராஜா:
கண்ணைச் சிமிட்டினா போச்சு, அதெல்லாம் காட்டினதா? மீனுக்கு இரையை அள்ளிக் கொட்டும்போது படகுக்குப் பின்னால வாயைப் பொளந்துக்கிட்டு வருதே, அதுதான் காட்டறது. 81.

கத்தரிக்கோல்:
“காட்டவே இல்ல” என்று எழுதியது நீங்கள். அந்த ஏகாரத்தை நானா போட்டேன்?

ஓசைக்காரன்:
நிமிஷக் கணக்கைக் கொஞ்சம் விடுங்கப்பா. அந்த இடம் வேலை செய்யறதே ஒலியாலதான். ஜான் வில்லியம்ஸோட அந்த ரெண்டு சுர இசை நிஜ சுறா வரும்போதுதான் வரும். ரெண்டு பசங்க அட்டையில துடுப்பு செஞ்சு ஊரை ஏமாத்தற காட்சியில அந்த இசை கிடையாது. இசை இல்லேன்னா ஆபத்து இல்லைன்னு காது பழகிடுது. அப்புறம் படகுக்குப் பின்னால சுறாத் தலை திடீர்னு எழும்பும்போது இசையே இல்ல! முதல்ல விதியைச் சொல்லிக் குடுத்து, நம்ப வெச்சு, அப்புறம் உடைக்கறாங்க. இப்போ பல படங்கள்ல ஒவ்வொரு திடுக்குக்கும் முன்னால எல்லாச் சத்தத்தையும் அணைக்கறாங்க. மூணாவது தடவையே ஜனம் உஷாராகிக் காதைப் பொத்திக்குது.

ரீல்ராஜா:
பாத்தீங்களா, அவரும் 81-ன்னு ஒத்துக்கிட்டாரு.

ஓசைக்காரன்:
நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? 81-ங்கற எண்ணையே நான் எழுதலையே.

கத்தரிக்கோல்:
இவருக்கு எல்லாமே ஒப்புதல் வாக்குமூலம்தான். போன இழையிலும் இதே கதை.

ரீல்ராஜா, “காட்டாதே” என்பது பாதி உண்மைகூட இல்லை. சுறா கண்ணில் படாத காட்சிகளில் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டு பேர் கொக்கியில் இறைச்சி மாட்டிப் பிடிக்கப் போகிறார்கள். சுறா இழுக்க, பலகைத்துறை பிய்ந்து ஒருவனோடு கடலுக்குள் போகிறது. சற்று நின்று, திரும்பி, நீந்துகிறவனை நோக்கி வருகிறது. திரையில் இருப்பது வெறும் பலகை! பிற்பாதியில் மஞ்சள் பீப்பாய்கள். மூன்று பீப்பாயைக் கட்டிவிட்டால் சுறாவால் முழுக முடியாது என்று வேட்டைக்காரர் அடித்துச் சொல்கிறார், மூன்றும் முழுகுகின்றன. எதிரியின் பலம் அந்த நொடியில் கூடிவிட்டது, ஒரு பல்லைக்கூடக் காட்டாமல். பேய்ப் படம் எடுப்பவர்கள் பேயை மறைக்கிறார்கள், சரி. பீப்பாய் எங்கே? அது இல்லாமல் மறைத்தால் வெறும் இருட்டுதான். இருட்டைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? கொட்டாவிதான் வரும்.

இன்னொன்று. மறைத்தது மேதைமை என்று கும்பிடுகிறீர்கள். உப்புத் தண்ணீரில் இயந்திரச் சுறா ஓயாமல் பழுதானது. 55 நாள் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. அது ஒழுங்காக ஓடியிருந்தால் இருபதாவது நிமிடத்திலேயே காட்டியிருப்பார்கள்.

ரீல்ராஜா:
அதையேதான் நானும் சொல்றேன். காட்ட முடியல, அதனால படம் பொழைச்சுது. 81.

பூனைநடை:
திகில் பட டைரக்டர் ஹிட்ச்காக் சொன்னதை யாருமே எடுக்கலையே? மேசைக்கடியில குண்டு. சொல்லாம வெடிச்சா 15 நொடி அதிர்ச்சி. முன்னாலேயே சொல்லிட்டா 15 நிமிஷம் பதற்றம். ஆகவே எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடணும்.

கத்தரிக்கோல்:
அரை மேற்கோள். எதிர்பாராத முடிவே கதையின் உச்சமாக இருந்தால் மட்டும் சொல்லாதே என்றும் அதே பேச்சில் விதிவிலக்கு வைத்திருக்கிறார். அதை மட்டும் எலி கடித்துவிட்டதா?

பூனைநடை:
எலி கடிக்கல சார், சுருக்கமாச் சொன்னேன். உங்களை மாதிரி பாரா பாராவா எழுத எனக்கு வராது. போகட்டும், திடுக் வித்தைக்கு வாங்க. 1942-லயே ‘கேட் பீப்பிள்’ல வந்தாச்சு. ராத்திரி தெருவுல பொண்ணு தனியா நடக்கறா, பின்னால காலடிச் சத்தம், அப்புறம் அதுவும் நின்னுடுது. மிருகம் பாயும்னு நினைக்கற நொடியில சீறிக்கிட்டு வந்து நிக்கறது பஸ்! அதுல மறைக்க ஒண்ணுமே இல்ல.

ரீல்ராஜா:
சுறாவைப் பத்திப் பேசினா பஸ்ஸுல ஏத்தி அனுப்பறீங்க.

ஓசைக்காரன்:
பஸ் நல்ல உதாரணம்தான், ஆனா திடுக்குக்கு ஒரு விலை இருக்கு. ‘ஜாஸ்’லயே உடைஞ்ச படகு ஓட்டை வழியா ஒரு பிணத் தலை எட்டிப் பார்க்கும். அது வெளியீட்டுக்கு முன்னால படத்தை ஜனத்துக்குப் போட்டுக் காட்டினதுக்கு அப்புறம் சேர்த்தது. எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்துல பால் பவுடரைக் கரைச்சுக் கலங்கலாக்கி எடுத்தாங்க. அரங்கம் அலறிடுச்சு. ஆனா பின்னால சுறா எழும்பற இடத்துல முன்ன விழுந்த அலறல் குறைஞ்சுபோச்சுன்னு டைரக்டர் ஸ்பீல்பெர்க்கே சொல்லியிருக்காரு. ஜனத்தோட பயம் ஒரே பை. முன்னாலயே கைவிட்டு அள்ளிட்டா பின்னால சில்லறைதான்.

கத்தரிக்கோல்:
இதை ஏற்கிறேன். ஆனால் அப்போதும் கழிமுகக் காட்சி 81-க்கு முன்புதான்.

ரீல்ராஜா:
அது கழிமுகமே இல்ல. படத்துல எல்லாரும் குளம்னுதான் சொல்றாங்க. சுறா எங்க வந்துச்சுன்னே தெரியாதவர் எப்ப வந்துச்சுன்னு வகுப்பெடுக்கறாரு.

கத்தரிக்கோல்:
கடலோடு சேர்ந்திருக்கும் நீருக்குத் தமிழில் குளம் என்று பெயரில்லை. அறுந்த காலை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ரீல்ராஜா:
கால் சுறாவோடது இல்லீங்களே.

பூனைநடை:
காயல்னு சொல்லலாமா?