ரீ: சிஸ்டம் கால் எமுலேஷன் - "பைட் புரட்டு" ஒண்ணே போதுமா?

வணக்கம் எல்லாருக்கும்,

கம்ப்யூட்டர் சொற்பட்டியலுக்குத் தமிழ்ச் சொல் தேடுற இழையில வந்த ரெண்டு யோசனைக்கு என் பதில் இது. சிஸ்டம் கால்னா ஒரு புரோகிராம் கெர்னல்கிட்ட (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) ஒரு வேலையைக் கேக்குறது. பைட் ஸ்வாப்னா ஒரு எண்ணோட பைட்டுகளைத் தலைகீழாப் போடுறது.

> பைட் ஸ்வாப்புக்கு "பைட் புரட்டு"ன்னு வெச்சு இதோட முடிச்சுக்கலாமே

புரட்டு நல்ல சொல்தாங்க, சின்னது, வாய்ல ஈசியா வருது. புரட்டுன்னா பொய்னும் அர்த்தம் வருதேன்னு மேல கேட்டிருந்தாங்க, வரட்டுமே, தோசையைப் புரட்டிப் போடுன்னா யாரும் சந்தேகப்படுறதில்ல. என் பிரச்சனை வேற. க்யூஎம்யூங்கிறது ஒரு வகை ப்ராசஸருக்கு எழுதின புரோகிராமை வேற வகை மெஷின்ல ஓட்டுற எமுலேட்டர், அதோட யூசர் மோடு ஒரு தனிப் புரோகிராமை மட்டும் ஓட்டி அதோட சிஸ்டம் காலை நம்ம கெர்னலுக்கு மாத்திக் குடுக்கும். அங்க நடக்குற வேலை முழுசுக்கும் இந்த ஒரு சொல்லை ஒட்டினா படிக்கிறவங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்க.

எஸ்390எக்ஸ்க்கு (ஐபிஎம் மெயின்ஃப்ரேம் ப்ராசஸர் வகை) கம்பைல் பண்ணின ஒரு டெபியன் லினக்ஸ் புரோகிராமை நம்ம சாதா இன்டெல் லேப்டாப்ல ஓட்டுறோம்னு வைங்க. புரோகிராம் எண்ணோட பெரிய மதிப்புள்ள பைட் முதல்ல வரும்னு நினைக்குது (பிக் எண்டியன்), கீழ இருக்குற கெர்னல் சின்ன மதிப்புள்ள பைட்டை முதல்ல எழுதுது (லிட்டில் எண்டியன்). ஃபைல் விவரம் கேக்குற ஸ்டேட் சிஸ்டம் காலை ஒரு டைரக்டரிக்குக் கூப்பிட்டு 4096னு ஒரு சைஸ் வந்தா, திருப்பாம அப்படியே குடுத்தா புரோகிராமுக்கு அது 4503599627370496னு தெரியும், ஒரு டைரக்டரி 4 பெட்டாபைட்டு! இங்க புரட்டு சரியான சொல், எட்டு பைட்டையும் தலைகீழாப் போட்டா முடிஞ்சுது.

ஆனா எல்லாத்தையும் இப்படிப் போட முடியாது. ரெஜிஸ்டர்ல (ப்ராசஸருக்குள்ள இருக்குற சின்ன சேமிப்பிடம்) நேரா வர்ற எண்ணை எமுலேட்டர் ஏற்கனவே ஹோஸ்ட், அதாவது நம்ம லேப்டாப், வரிசையிலதான் வெச்சிருக்கும், தொடவே வேணாம். ஃபைலைப் படிக்க, எழுத உதவுற ரீட், ரைட் பஃபர்ல இருக்குறது வெறும் பைட்டுங்க, அதையும் தொடக்கூடாது. அப்புறம் நெட்வொர்க்ல எங்க இணையணும்னு சொல்ற சாக்கெட் அட்ரஸ் இருக்கு பாருங்க, ஒரே ஸ்ட்ரக்சருக்குள்ளயே (பல ஃபீல்டு சேர்ந்த தொகுப்பு) ரெண்டு சட்டம். முதல் ஃபீல்டு அட்ரஸ் ஃபேமிலி, ஐபிவி4க்கு 2, அதைப் புரட்டலேன்னா கெர்னலுக்கு 512னு போய் அப்படி ஒரு ஃபேமிலியே இல்லன்னு திட்டும். பக்கத்துலயே போர்ட்டு, அது எந்த மெஷினா இருந்தாலும் நெட்வொர்க் வரிசையிலதான் (பெரிய பைட் முதல்ல) இருக்கும், அதைப் போய்ப் புரட்டினா 80 ஆனது 20480 ஆயிரும், ஐபி அட்ரஸும் அதே கதைதான்.

இன்னும் கேளுங்க. ரீட் பஃபரைத் தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல, ஆனா அந்த ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கு கெர்னல் குடுக்குற அடையாள எண்) ஈவன்ட்எஃப்டியா, அதாவது நிகழ்வு அறிவிக்கிற கவுன்ட்டரா, இருந்தா வர்ற எட்டு பைட்டும் ஒரு எண், கட்டாயம் திருப்பணும், சிக்னலைப் படிக்கிற சிக்னல்எஃப்டி, கெர்னலோட பேசுற நெட்லிங்க் சாக்கெட்லயும் எண் ஃபீல்டுங்களைத் திருப்பணும், அதனால எந்த டிஸ்கிரிப்டர் எந்த ரகம்னு க்யூஎம்யூ தனியா நினைவு வெச்சுக்குது. 32 பிட் கெஸ்ட்ல (எமுலேட்டர்குள்ள ஓடுற புரோகிராம்) ஃபைல்ல குறிப்பிட்ட இடத்துல இருந்து படிக்கிற ப்ரீட்64 வந்தா, அந்த இடத்தைச் சொல்ற ஆஃப்செட் ரெண்டு ரெஜிஸ்டராப் பிரிஞ்சு வரும், எது மேல் பாதி எது கீழ் பாதிங்கிறதும் எண்டியனை (பைட் வரிசை வகை) பொறுத்து மாறும். இதுல பைட்டே புரளல, "பைட் புரட்டு"ன்னு எப்படிச் சொல்றது?

அதனால ரெண்டு சொல்லா வைக்கலாம்னு தோணுது. கண்ணை மூடிட்டு பைட்டைத் திருப்புற சின்ன ஃபங்ஷனுக்கு "பைட் புரட்டு". எது எண், எது வெறும் பைட், எது ஏற்கனவே நெட்வொர்க் வரிசையில இருக்குன்னு பார்த்து கெஸ்டுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவுல மாத்துற வேலைக்கு "வரிசைபெயர்ப்பு". மொழிபெயர்க்கிறவர் ஆள் பேரை அப்படியே விட்டுட்டு மத்ததை மாத்துற மாதிரி இங்க போர்ட்டை விட்டுட்டு ஃபேமிலியை மாத்துறோம். பைட்டுங்கிற சொல் இதுல இல்லாததால ரெஜிஸ்டர் ஜோடியும் அடங்கிரும்.

> பிக் எண்டியன், லிட்டில் எண்டியனுக்கு "பெருமுனை", "சிறுமுனை"

இது எனக்கு ஒட்டல. 1980 ஏப்ரல் 1ல டேனி கோஹன் எழுதின குறிப்புல, கலிவரின் பயணங்கள் நாவல்ல வர்ற, முட்டையை எந்த முனையில உடைக்கிறதுங்கிற சண்டையில இருந்து அந்தப் பேரை எடுத்தார், அந்தக் கதை தெரியாதவருக்கு பெருமுனைன்னா எந்த முனைன்னு ஒண்ணும் விளங்காது. பிக் எண்டியனுக்கு "தலைமுன்", லிட்டில் எண்டியனுக்கு "வால்முன்" வைக்கலாமே, எது முன்னால வருதுன்னு சொல்லே சொல்லிரும். "கடைமுதல்"னு ஒரு யோசனை வந்துச்சு, பார்த்ததும் மளிகைக்கடைக்குப் போட்ட பணம் மாதிரி இருக்கு, வேணாம்ப்பா.

ஐஆக்டலுக்கு (டிவைஸுக்குக் கட்டளை அனுப்புற சிஸ்டம் கால்) ஒவ்வொரு கட்டளையும் என்ன ஸ்ட்ரக்சர் எடுக்கும்னு க்யூஎம்யூல ஒரு டேபிள் எழுதி வெச்சிருக்காங்க இல்லையா, அதை "வரிசைபெயர்ப்பு அட்டவணை"ன்னே சொல்லலாம். அதுல இல்லாத கட்டளை வந்தா ஊகிச்சுப் புரட்டாது, எரரைத் திருப்பிக் குடுத்துரும். புரட்டுக்கும் பெயர்ப்புக்கும் வித்தியாசம் கேக்குறவங்களுக்கு இந்த உதாரணத்தையே சொற்பட்டியல்ல போட்டுரலாம், ஆட்சேபம் இருந்தா இந்த இழையிலயே சொல்லுங்க.