டேட்டா லேக் தயார், இறங்கத்தான் ஆளில்லை

ஆலைத்தரவு:

வணக்கம். பல தொழிற்சாலைகள் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தில் டேட்டா பிளாட்ஃபார்ம் பொறுப்பில் இருக்கிறேன். இஆர்பி (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் ஓடும் நிறுவன மென்பொருள்), இயந்திர சென்சார்கள், விநியோகஸ்தர் ஆர்டர்கள் எல்லாம் ஒரே டேட்டா லேக்கில், அதாவது எல்லாத் தரவையும் கொட்டிவைக்கும் பொதுச் சேமிப்பில், வந்து சேர்கின்றன. தரவைக் கொண்டுவந்து சேர்க்கும் பைப்லைன்கள் ஒழுங்காக ஓடுகின்றன. டேட்டா சயின்டிஸ்ட்களும் இருக்கிறார்கள். ஆனால் எண்களைக் காட்டும் டேஷ்போர்டைத் திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தவர்களேதான். தேவைக் கணிப்புக்கு ஒரு மாடல் செய்து கொடுத்தோம். திட்டமிடுபவர்கள் அதன் எண்களை எக்செல்லில் இறக்கி, பக்கத்துக் கட்டத்தில் தங்கள் எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். ஆர்டர் போவது அந்த எண்ணில்தான்.

மேலிடத்தில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன. எல்லோருக்கும் பயிற்சி கொடுப்பது, மத்தியக் குழுவைப் பெரிதாக்குவது, அல்லது டேட்டா மெஷ் என்று சொல்லிக் குழுவைக் கலைத்துப் பிரிவுக்கு இத்தனை பேர் என்று அனுப்பிவிடுவது. எதை முதலில் செய்யலாம்?

பழைய_டிபிஏ:

மூன்றாவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்ய விடாதீர்கள். தொழில்நுட்ப ஆலோசகர் ஜமாக் தெஹ்கானி 2019-இல் முன்வைத்த டேட்டா மெஷ், தரவு அந்தந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்பதோடு நிற்கவில்லை. தரவை ஒரு புராடக்ட் போலப் பராமரிப்பது, பிரிவுகள் தாமே எடுத்துப் பயன்படுத்தத் தோதான பொதுத் தளம், எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட விதிகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. நிர்வாகங்கள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பிவிடும். அப்புறம் ஆறு பிரிவுக்கு ஆறு விதமான 'வாடிக்கையாளர்' டேபிள்.

கணக்குப்பிள்ளை:

மூன்றையுமே கொஞ்சம் ஓரமாக வையுங்கள். விஷயம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: அந்தப் பக்கத்துக் கட்டம். நீங்கள் அதை எதிர்ப்பு என்று பார்க்கிறீர்கள். சப்ளை செயின் அனலிடிக்ஸிலேயே கிடப்பவன் என்பதால் சொல்கிறேன், உங்களிடம் உள்ளதில் மதிப்புமிக்க தரவு அதுவாகத்தான் இருக்கும். லேக்கில் அது மட்டும் இல்லை!

மாடல் சொன்ன எண், திட்டமிடுபவர் மாற்றிய எண், கடைசியில் விற்ற எண் மூன்றையும் பொருள்வாரியாக, வாராவாரம் சேமியுங்கள். மாற்றினால் காரணம் சொல்ல ஒரு கட்டம், அதில் ஐந்தாறு தேர்வுகள் போதும். ஒரு காலாண்டு போனால் எங்கே மனிதர் கைபட்டு எண் தேறியது, எங்கே கெட்டது என்று தெரிந்துவிடும். சலுகை அறிவிப்பு, புதுப் பொருள் அறிமுகம் போன்ற இடங்களில் அவர்களுக்குத் தெரிந்தது மாடலுக்குத் தெரியாது. கெடுவது பெரும்பாலும் 'கொஞ்சம் கூட்டிப் போடுவோம்' வகைச் சின்னத் திருத்தங்களில்.

ஏன் ஐந்தாறு? ஆலையில் இயந்திரம் நின்றால் காரணக் குறியீடு பதியும் திரையைப் போய்ப் பாருங்கள். அறுபது குறியீடுகள் வரிசையாக இருக்கும். கையில் கையுறை, பின்னால் 'சீக்கிரம் ஓட்டுப்பா' என்று ஒருவர். ஆப்பரேட்டர் எதைத் தொடுவார்? 'மற்றவை', இல்லாவிட்டால் பட்டியலில் முதலில் இருப்பதை. அந்தத் தரவு உங்கள் லேக்குக்கு நேரத்துக்கு, டூப்ளிகேட் இல்லாமல், அழகாக வந்து சேரும். அதை வைத்து எந்த மாடல் என்னத்தைக் கற்கும்? இதைச் சரிசெய்யக்கூடியவர் ஷிப்ட் பொறுப்பாளர். அவருக்கோ அந்த அறிக்கை போவதே இல்லை. நேற்று 'மற்றவை' எத்தனை நிமிடத்தைத் தின்றது என்ற ஒரே எண்ணைக் காலைக் கூட்டத்தில் அவர் முன் வையுங்கள்.

பெரிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டுவதெல்லாம் நடுவில்: சேமிப்பு, பைப்லைன், மாடல். தரவைப் பதிகிறவரும் முடிவெடுக்கிறவரும் இரண்டு முனைகளில் பழையபடியே இருப்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2009-இல் 10 லட்சம் டாலர் பரிசு கொடுத்த, படம் பரிந்துரைக்கும் அல்காரிதத்தையே அவர்கள் முழுதாகப் புழக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. கூடுதல் துல்லியம் அதற்கான பொறியியல் உழைப்புக்குக் கட்டுப்படியாகவில்லை. மாறாக, மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதம் பற்றி ஓர் ஊழியர் சொன்ன யோசனை மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 2012-இல் ஓர் எஞ்சினியர் தானாகவே ஏ/பி சோதனை (சிலருக்குப் பழையது, சிலருக்குப் புதியது காட்டி ஒப்பிடுவது) ஓட்டிப் பார்த்தார். வருவாய் 12 சதவீதம் ஏறியது, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். யோசனையை யாரும் மதிக்காவிட்டாலும், சோதித்துப் பார்ப்பது அங்கே அவ்வளவு சுலபமாக இருந்தது.

பயிற்சியா? காரணம் சொல்லும் அந்தக் கட்டம் வந்தபிறகு திட்டமிடுபவர்களுக்கு மட்டும் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

ஆலைத்தரவு:

நன்றி சார். ஒரு சிக்கல். காரணம் எழுதச் சொன்னால் 'எங்களை ஆடிட் பண்றீங்களா' என்பார்கள். அவர்கள் பெரும்பாலும் எண்ணைக் கூட்டித்தான் போடுகிறார்கள். சரக்கு தீர்ந்துபோனால் அவர்களிடம் விளக்கம் கேட்பார்கள். கிடங்கில் தேங்கினால் அது நிதித் துறையின் தலைவலி.

கணக்குப்பிள்ளை:

அப்படியானால் அவர்கள் செய்வது நியாயம்தான். உங்கள் மாடல் அநேகமாக நடு எண்ணைத் தருகிறது. விற்பனை அதற்கு மேலே போகவும் கீழே போகவும் ஏறக்குறையச் சம வாய்ப்பு. பாதி வாரங்களில் சரக்கு தீரும் என்று தெரிந்தே யார் அதை அப்படியே போடுவார்? பத்து வாரத்தில் ஒன்பது வாரம் தாங்கும் அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுங்கள். தரவு அதேதான், மாடலில் குவாண்டைலை, அதாவது பத்தில் எத்தனை வாரம் தாங்க வேண்டும் என்ற அளவை, மாற்றினால் போதும்.

ஆனால் அது ஒன்பதா எட்டா என்பதை டேட்டா டீம் முடிவுசெய்யக் கூடாது. விற்பனைத் தலைவரும் நிதித் தலைவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, பொருள் வகைவாரியாகச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் அந்தக் கூட்டத்தைக் கூட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் புது ஆள் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். வருகிறவர்களுக்கும் இன்னொரு டேஷ்போர்டு செய்யும் வேலைதான் கிடைக்கும்.

பழைய_டிபிஏ:

கையெழுத்தான எண்ணை மின்னஞ்சலில் விட்டுவைக்காதீர்கள். தனி டேபிளில் போட்டு, யார் எப்போது ஏன் மாற்றினார் என்ற வரலாற்றோடு வையுங்கள். தலைவர் மாறினால் முதலில் காணாமல் போவது அதுதான்.