அப்பாவின் மூளைக் கட்டி: எம்ஜிஎம்டி பரிசோதனை பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. போன மாதம் அறுவை சிகிச்சை முடிந்தது. கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய்), ஐடிஎச் மரபணுவில் மாற்றம் இல்லை என்று அறிக்கை. அந்த 'இல்லை'தான் நெஞ்சை அடைக்கிறது. மாற்றம் இருந்தால் கட்டி மெதுவாக வளருமாம்.

எம்ஜிஎம்டி மெத்திலேஷன், அதாவது கட்டியில் எம்ஜிஎம்டி என்ற மரபணு அடங்கிப்போயிருக்கிறதா என்பது மட்டும் இன்னும் பார்க்கவில்லை. 2005இல் வந்த ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தும் பெற்றவர்களில் அது இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், இல்லாதவர்களுக்கு 12.7. சராசரிக் கணக்குதான், அப்பாவின் கணக்கு அல்ல. இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெழுகில் பதித்த திசு எங்களிடம் இருக்கிறது. கட்டைவிரல் அகலம்தான், அம்மா அதைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். சென்னையிலோ வேலூரிலோ இந்தப் பரிசோதனை செய்தவர்கள் உண்டா? எவ்வளவு செலவு, எத்தனை நாள்? முடிவு வரும்முன்பே கதிர்வீச்சைத் தொடங்கினீர்களா?